எந்தக் காலால்

ஒன்பதாம் பாகம் பிளாக்டவுன் நூலகத்துக்கு வந்து சேரப்
பதினான்கு மாதம் எடுத்தது.
வந்த பிறகும் எனக்கு முன்னால் யாரோ ஒருவர்
மூன்று வாரம் வைத்திருந்தார்.
காத்திருந்தேன்.
மாதுமைக்காக இதைவிடவும் காத்திருக்கிறேன்.

துறைமுகத்துச் சுங்க அதிகாரி மாதுமை.
இடது காலை விந்தி நடப்பாள்.
முதல் பாகத்தில் பாரந்தூக்கியின் கொக்கி
அறுந்து விழுந்த கால்.
படியேறும்போது வலதைத்தான் முன்னால் வைப்பாள்.
யாராவது கை நீட்டினால்
அந்தக் கையில் தன் கோப்பைக் கொடுத்துவிட்டு
ஏறிப் போவாள்.

எட்டுப் பாகமும் அவளோடுதான் வேலைக்குப் போனேன்
காலை ஐந்து ஐம்பது ரயிலில்.
அவள் தம்பி வாகீசன் சுண்ணாம்புக் கிடங்கில் செத்த அன்று
வெஸ்ட்மீட்டில் இறங்க மறந்து
கிரான்வில்லில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.
மேற்பார்வையாளர் ஃபியோனா கேட்டாள்,
வீட்டில் ஏதும் மரணமா என்று.
ஓம் என்றேன்.
அது பொய் என்று இன்றுவரை தோன்றவில்லை.

ஒன்பதில் வாகீசன் போன் எடுக்கிறான்.
'அக்கா, சாப்பிட்டீங்களா?'
சாப்பிட்டேன் என்கிறாள் அவளும்.
ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் என் வேலை
அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்குவது.
கத்திரி நாலு, கவ்வி பன்னிரண்டு.
ஒன்று குறைந்தாலும் முழுத் தட்டும் திரும்பி வரும்.
அவளையும் அப்படித்தான் எண்ணி வைத்திருந்தேன்.
அவள் தேநீரில் சீனி இல்லை.
அவள் குடையில் ஒரு கம்பி இல்லை.
மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அவள் ஒருவரையும்
'தம்பி' என்று கூப்பிட்டதில்லை,
பூக்காரப் பையனைக்கூட.

இந்தப் புத்தகத்தில் மாதுமை சிட்னிக்கு வருகிறாள்.
பின்னட்டையில் அதைப் படித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது.
வீட்டைக் கூட்டி வைப்போமா என்றுகூட ஒரு நினைப்பு.
வந்தவள் கடலைப் பார்த்து மூன்று பக்கம் பேசினாள்.
பண்பாட்டைப் பற்றி ஐந்து பக்கம்.
தேநீரில் இரண்டு கரண்டி சீனி.
பிறகு இந்த வரி:
ஒபேரா மாளிகையிலிருந்து
பிளாக்டவுனில் இருந்த தோழி வீட்டுக்குக்
காலாற நடந்தாள்.

முப்பத்தைந்து கிலோமீட்டர்.
ஜனவரி வெயில்.
அதுவும் அந்தக் காலோடு.

எழுதியவருக்கு வயதாகியிருக்கலாம்.
பதிப்பகத்தார் கழுத்தைப் பிடித்திருக்கலாம்.
படத்தில் கண்ணாடி தடித்திருக்கிறது.
தன் முதல் பாகத்தைத் திறந்து பார்க்க
அவருக்கு நேரமில்லாமல் போயிருக்கலாம்.
என்னிடம் கேட்டிருக்கலாம்.

கோபம் வந்திருந்தால் நல்லது. வரவில்லை.
புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு
செவன் ஹில்ஸ் போவதைப் பார்த்தேன்.
டூங்காபி போவதைப் பார்த்தேன்.

மறுபடி குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது,
ஓரத்தில், பென்சிலில்,
சாய்ந்த சின்ன எழுத்து:
எந்தக் காலால்?

பின்னோக்கிப் புரட்டினேன்.
வாகீசனின் பெயருக்குக் கீழே ஒரு கோடு,
தாள் கிழியும் அளவுக்கு.
சீனிக்குப் பக்கத்தில் ஒரு 'சீ'.
யாராக இருக்கும்?
வெண்ட்வொர்த்வில் கடையில்
வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்க்கிறவரா,
பேருந்தில் ஒரு நாளும் இருக்காமல்
கம்பியைப் பிடித்தபடி நிற்கிற அந்த உயரமான பெண்ணா?

நூலகப் புத்தகத்தில் நான் ஒரு புள்ளி வைத்ததில்லை.
அன்று, ரயில் ஆட்டத்தில் கோணலாக,
அதன் கீழே எழுதினேன்:
இடது. முதல் பாகம், பக்கம் 41.

பத்தாம் பாகம் தையில் வருகிறதாம்.
வாசிக்க மாட்டேன் என்று மகளிடம் இரண்டு தரம் சொன்னேன்.
இரவு, பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு,
நூலகத்தில் பெயரைப் பதிந்தேன்.

வரிசையில் நான் இரண்டாவது.